மலைநாட்டில் டிராவல் ஏஜென்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹட்டன் டவுனில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. விமான டிக்கெட் விற்கும் ஏஜென்சி போடலாம் என்று எண்ணம். எல்லாரும் போனிலேயே டிக்கெட் போடும் காலத்தில் இது தேறுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: டிக்கெட்டை மட்டும் நம்பினால் தேறாது. விமான நிறுவனங்கள் டிக்கெட் விலையில் நல்ல கமிஷன் கொடுத்த காலம் போய்விட்டது. இன்று பல நிறுவனங்கள் ஒன்றும் தருவதில்லை, தருபவையும் பெயருக்குத்தான் தருகின்றன. டிக்கெட்டுக்கு மேல் நீங்கள் வைக்கும் சேவைக் கட்டணமே உங்கள் வருமானம். அந்தக் கட்டணத்தைக் கேட்டதும் போனை எடுத்து விலை பார்க்கிறவர் உங்கள் வாடிக்கையாளர் அல்லர், அவரை விட்டுவிடுங்கள்.

ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) அங்கீகாரத்துக்கு ஆரம்பத்திலேயே ஓட வேண்டாம். வங்கி உத்தரவாதம், பயிற்சி பெற்ற ஆள் என்று பணம் முடங்கும். கொழும்பில் அங்கீகாரம் பெற்ற ஓர் ஏஜென்சிக்கு உப முகவராகத் தொடங்குவதே வழமை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: டெபிட் மெமோ, அதாவது விமான நிறுவனத்தின் அபராதப் பில், வந்தால் யார் கட்டுவது? ஆசனத்தைப் பிடித்து வைக்கப் பொய்ப் பெயரில் புக்கிங் போடுவது, ஒரே ஆளுக்கு இரண்டு புக்கிங், கட்டண விதியை மீறி டிக்கெட் அடிப்பது ஆகியவற்றுக்கு விமான நிறுவனம் சில மாதம் கழித்துக்கூட அபராதம் அனுப்பும். உங்கள் மேசையில் நடந்த பிழை என்றால் கொழும்புக்காரர் அதை உங்கள் கணக்கில்தான் கழிப்பார்.

கடைக்கு ஆள் வருவது இரண்டு காரணத்துக்காக. முதலாவது பெயர். நம்மவர் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். போனில் தானே டிக்கெட் போட்டவர் இரண்டையும் மாற்றி அடித்துவிட்டு உங்களிடம் ஓடி வருவார். மலிவு விமானங்களில் பெயர் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, சில வேளை புது டிக்கெட்டே எடுக்க வேண்டி வரும். வாயால் சொல்லும் பெயரை ஒருபோதும் அடிக்காதீர்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியிலுள்ள இரண்டு வரியைப் பார்த்து அடியுங்கள். அதில் பெயருக்கு 39 இடம்தான், நீண்ட பெயர் அங்கே வெட்டுப்பட்டிருக்கும். அப்படியானால் மேலே அச்சிட்டிருக்கும் முழுப் பெயரோடு ஒப்பிடுங்கள். இந்திய இ-விசாவிலும் அதே எழுத்து, அதே வரிசை இருக்க வேண்டும்.

இரண்டாவது, யாத்திரைக் குழுக்கள். சபரிமலை, திருவண்ணாமலை, திருப்பதி, வேளாங்கண்ணி என்று தோட்டம் தோட்டமாகக் குழு சேர்கிறது. பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ போனால் குழுக் கட்டணம் கேட்கலாம். பெயர்ப் பட்டியலைப் பிறகு கொடுக்கலாம் என்பது அதன் வசதி. முற்பணம் திரும்ப வராது என்பது அதன் வில்லங்கம். குருசாமி "நாற்பது பேர் நிச்சயம்" என்பார், பணம் கட்டும் நாளில் இருபத்தெட்டு பேர் நிற்பார்கள். ஆளுக்கு ஆள் முற்பணம் கைக்கு வந்த பிறகே ஆசனம் எடுங்கள். இலாபம் டிக்கெட்டில் இருக்காது. மதுரையிலோ திருச்சியிலோ இறங்கியதும் ஏறும் பஸ், அறை, சாப்பாடு, சபரிமலைக்கு முன்கூட்டியே போடும் இணைய வரிசைப் பதிவு, இவற்றை நீங்களே ஒழுங்குபடுத்தினால் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: உல்லாசப் பயணிகள் வருகை சாதனை என்று செய்தி வருகிறது. எங்கள் கையில் காசு தெரியவில்லையே, ஏன்?
– வாசகர், கண்டி

பதில்: தலையை எண்ணுகிறார்கள், நீங்கள் கல்லாவை எண்ணுகிறீர்கள். 2018-இல் சுமார் 23 லட்சத்து 34 ஆயிரம் பேர் வந்தார்கள், வருமானம் 4.38 பில்லியன் டொலர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. 2021-இல் வருகை 2 லட்சத்துக்கும் கீழே போனது. 2024-இல் அது 20 லட்சத்து 53 ஆயிரமாக ஏறியது, வருமானம் 3.17 பில்லியன். வகுத்துப் பாருங்கள்: ஆளொருவர் விட்டுப்போன பணம் சுமார் 1,880 டொலரிலிருந்து 1,540-க்கு இறங்கியிருக்கிறது. 2025-இல் எண்ணிக்கை 2018-ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக இந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடாது.

முதலிடத்தில் இந்தியர்கள், 2024-இல் நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்கள் தங்கும் இரவுகள் குறைவு, குடும்பமாக வருவார்கள், சைவச் சாப்பாடு முக்கியம். சீதா எலிய சீதையம்மன் கோயில், றம்பொடை ஆஞ்சநேயர் கோயில் இரண்டும் நுவரெலியா வழியிலேயே இருப்பதால் இராமாயணப் பாதை என்று விற்க முடிகிறது. தமிழ் பேசும் நமக்குத் தமிழ்நாட்டுக் குழுவைக் கையாள்வது சுலபம். கொழும்புப் பெரிய கம்பெனிகளுக்கு இல்லாத இந்த வசதியை நம்மவர்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: பண்டாரவளையில் சொந்தமாக வான் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு நான்கு இரவுப் பெக்கேஜ் செய்ய நினைக்கிறேன். எப்படி விலை போடுவது? இதுவரை போட்டதில் மிஞ்சியது ஒன்றுமில்லை.
– வாசகர், பண்டாரவளை

பதில்: பெரும்பாலும் வெற்று ஓட்டத்தைக் கணக்கில் விட்டிருப்பீர்கள். கட்டுநாயக்கவில் ஏற்றி, கண்டியில் ஓர் இரவு, நுவரெலியாவில் ஓர் இரவு, எல்லயில் இரண்டு இரவு, மறுபடி கட்டுநாயக்க என்று வைப்போம். கட்டுநாயக்க–கண்டி 110 கிலோமீட்டர், கண்டி–நுவரெலியா 80, நுவரெலியா–எல்ல 60, அங்கங்கே சுற்ற 100, எல்ல–கட்டுநாயக்க 240. மொத்தம் ஏறக்குறைய 590. விருந்தாளி பார்க்கும் ஓட்டம் இவ்வளவுதான். உங்கள் வான் பண்டாரவளையிலிருந்து வெறுமனே இறங்க 220, விட்டுவிட்டு வெறுமனே ஏற இன்னும் 220. ஆக 1,030. மலையில் ஏறி இறங்கும் வானுக்கு லீட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று பிடித்தால் 114 லீட்டர் டீசல். 590-க்கு மட்டும் கணக்குப் போட்டவர் 66 லீட்டரோடு நின்றுவிடுவார். மீதி 48 லீட்டர் உங்கள் சட்டைப்பையிலிருந்து போகிறது, டயரும் பிரேக் பேடும் தனி.

இதற்கு இரண்டு வழி. நீர்கொழும்பு அல்லது கண்டிப் பக்கத்து வாகனக்காரர் ஒருவரோடு பேசி வைத்து, விருந்தாளியை அவர் கண்டிக்குக் கொண்டுவரட்டும், அங்கிருந்து நீங்கள் எடுங்கள். அல்லது பயணத்தை எல்லயில் முடித்து, யால அல்லது தெற்குக் கரைக்குப் போகிறவரை அந்தப் பக்கத்து வாகனத்தில் ஏற்றிவிடுங்கள். கைமாற்றும் இடத்தில் விருந்தாளி பத்து நிமிடம்கூட வீதியில் நிற்கக் கூடாது. கெட்ட விமர்சனங்கள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எழுதப்படுகின்றன.

ட்ரைவர் பட்டா, அவர் தங்கும் அறை (ஹோட்டல்களில் பெரும்பாலும் இருக்கும், ஹோம்ஸ்டேயில் இருக்காது), பார்க்கிங், அதிவேகப் பாதைக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில் ஆளுக்கு, வாகனத்துக்கு, குழுவுக்கு என்று தனித்தனியாக அறவிட்டு அதன்மேல் வரியும் சேர்ப்பார்கள். இருவர் வந்தால் தலைக்கு வரும் செலவு ஆறு பேர் வரும்போது வருவதைவிட அதிகம். "ஆளுக்கு இவ்வளவு" என்று ஒரே விலையை எல்லாருக்கும் சொல்கிறவர்கள் இருவர் குழுவில் நட்டப்படுவது இதனால்தான்.

அடுத்தது இலாபம். செலவு 500 டொலர், 20 வீதம் சேர்த்து 600 என்கிறீர்கள். அந்த புக்கிங் ஓர் இணையத்தளம் வழியாக வந்து அவர்கள் 15 வீதம் எடுத்தால், 15 வீதம் 600-க்குத்தான், 90 டொலர் போய்விடும். கையில் 10. கிரெடிட் கார்ட் கட்டணம் 3 வீதம் என்றால் அதற்கு இன்னும் 18, இப்போது நட்டம். கைக்கு 600 வர வேண்டுமானால் 600-ஐ 0.82-ஆல் வகுக்க வேண்டும்: 732 டொலர். இந்த விலைக்கு ஆள் வராது என்று தோன்றினால், செலவைக் குறையுங்கள் அல்லது நேரடி வாடிக்கையாளரைத் தேடுங்கள். வகுத்தலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விலையை டொலரில் சொல்லுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360-ஐ எட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். உறுதி செய்யும்போது 30 வீதம், வருவதற்கு முன் மீதி. வெளிநாட்டு டூர் கம்பெனி ஒன்று மாதம் 10 குழு தருகிறேன், 45 நாளில் பணம் என்றால் ஆசையாக இருக்கும். குழுவுக்கு 500 செலவென்றால் எந்த நேரமும் 7,500 டொலர் வெளியே நிற்கும், ஹோட்டல்காரரோ முன்பணம் கேட்பார். அந்தப் பணம் இல்லாமல் கை நீட்டாதீர்கள்.

கடைசியாக இரண்டு. வாகனக் காப்புறுதி சொந்தப் பாவனைக்கு எடுத்ததா, ஹயரிங்கிற்கு (வாடகை ஓட்டத்துக்கு) எடுத்ததா என்று இன்றே பாருங்கள். சொந்தப் பாவனை என்றால் ஹயரில் விபத்து நடந்தால் இழப்பீடு கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஏஜென்சியை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்துகொள்ளுங்கள், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். வழிகாட்டிக்கும் அங்கேதான் அனுமதிப்பத்திரம். அது இல்லாத ட்ரைவர் வண்டியோட்டட்டும், புராதன இடங்களில் விளக்கம் சொல்ல இறங்க வேண்டாம்.

கேள்வி: எல்லாரும் எல்ல ரயிலைத்தான் கேட்கிறார்கள். டிக்கெட் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, நானுஓயா

பதில்: கூடாது. ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், சீசனில் சில நிமிடத்தில் முடிந்துவிடும். மொத்தமாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு விற்கிறவர்களிடம் போகாதீர்கள். அதில் கைதுகளும் நடந்திருக்கின்றன. மாட்டினால் உங்கள் பதிவும் ஆபத்தில். பெக்கேஜில் "முயற்சி செய்யப்படும், கிடைக்காவிட்டால் இரண்டாம், மூன்றாம் வகுப்பு பதிவில்லா டிக்கெட் அல்லது வாகனம்" என்றே எழுதுங்கள். முழுத் தூரமும் ரயிலில் போகத் தேவையில்லை என்று விளக்குங்கள்: நானுஓயாவில் ஏறி, 1,898 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொல உச்சியைத் தாண்டி, எல்ல போனாலே காட்சிகளில் பெரும்பகுதி வந்துவிடும். ஒன்பது வளைவுப் பாலம் எல்லயைத் தாண்டி தெமோதர பக்கம் இருக்கிறது, ரயிலில் இருந்து பார்ப்பதைவிடக் கீழே நின்று பார்ப்பதே அழகு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டது. எந்தப் பகுதியில் எந்த ரயில் ஓடுகிறது என்று ஸ்டேஷனிலேயே கேட்டு உறுதி செய்யாமல் எதையும் விற்காதீர்கள். பழைய நேர அட்டவணைகள் இணையத்தில் இன்னும் உலாவுகின்றன.

கேள்வி: விசிட் விசாவில் டுபாய் அனுப்பி, அங்கே வேலை வாங்கித் தருவதாக ஒருவர் எங்கள் ஏஜென்சியைப் பங்குக்குக் கூப்பிடுகிறார். ஆளுக்கு நல்ல கமிஷன்.
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க 1985-ஆம் ஆண்டு 21-ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். டிராவல் ஏஜென்சிப் பதிவு அதற்குச் செல்லாது. பணத்தை அவர் வாங்கினாலும் ரசீதில் உங்கள் கடைப் பெயர் இருக்கும். விசிட் விசாவில் போகிறவர் பணியகத்தில் பதியாமல் போகிறார், அங்கே சம்பளம் கிடைக்காமல் போனாலும் அடிபட்டாலும் பணியகக் காப்புறுதி இல்லை. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் இப்படிச் சிக்கிய கதைகள் உங்களுக்கே தெரிந்திருக்கும். சந்தேகம் என்றால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அந்த ஆளுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: வருடம் முழுக்க வேலை ஓடுமா? ஏப்ரல் சீசனோடு எங்கள் பிழைப்பு முடிந்துவிடுகிறது.
– வாசகர், நுவரெலியா

பதில்: ஏப்ரல் உள்ளூர்க் கூட்டம். அறை விலை ஏறும், ஏஜென்சிக்கு மிஞ்சுவது சொற்பம். மலைநாடு முழுவதும் ஒரே நேரத்தில் நனைவதில்லை என்பதை வைத்து நாட்காட்டி போடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா மேற்குச் சரிவில் கொட்டும். அதே மாதங்களில் மறுபக்கத்து பண்டாரவளை, எல்ல, பதுளை பெரும்பாலும் காய்ந்து காற்றடித்துக் கிடக்கும். ஐரோப்பியரின் கோடை விடுமுறையும் அப்போதுதான், ஆகவே ஜூலை, ஆகஸ்டில் இரவுகளை அந்த ஊவா மாகாணப் பக்கம் தள்ளுங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவா நனையும். பெப்ரவரி, மார்ச்சில் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும், சிவனொளிபாத மலைப் பருவமும் டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் வரை ஓடும்.

மழை மாதங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் வெளியேறு. செம்மஞ்சள் வந்த பகுதிக்கு விருந்தாளியை ஏற்றாதீர்கள். இரத்து விதியில் "மண்சரிவு எச்சரிக்கையால் பாதை மாற்றினால் அறைக்கட்டணம் அடுத்த இடத்துக்கு மாற்றப்படும்" என்று ஹோட்டல்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். சின்ன ஹோட்டல்கள் இதற்குச் சம்மதிக்கும். பெரியவை பேரம் பேசும்.

கேள்வி: தோட்டத்து லயன்களைக் காட்டச் சொல்லி வெளிநாட்டவர் கேட்கிறார்கள். இதைப் பெக்கேஜில் சேர்க்கலாமா?
– வாசகி, அப்புத்தளை

பதில்: லயனை, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை, காட்சிப் பொருளாக்கும் பயணத்துக்கு நாங்கள் ஆதரவில்லை. நடைபயணமாக விற்கலாம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ பாதை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டம், பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்கள் வழியேதான் போகிறது. ஒரு நாளில் ஒரு கட்டம் நடக்கலாம், அப்புத்தளையைச் சுற்றியும் கட்டங்கள் உண்டு. தோட்டப் பையன் அல்லது பெண் பிள்ளை ஒருவரைக் கூட அனுப்பி நாள் சம்பளம் கொடுங்கள், மதியச் சாப்பாட்டை ஒரு வீட்டில் காசு கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு போதும், ஹோட்டல் பபேயைவிட அதைத்தான் படம் எடுப்பார்கள். தோட்ட எல்லைக்குள் கடை போடவோ கூடாரம் அடிக்கவோ தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும், துரையிடம் வாய்மொழியாகக் கேட்டது போதாது. காலில் ஏறும் அட்டைக்கு உப்பும் நீளக் காலுறையும் உங்கள் செலவில் வையுங்கள்.