இரண்டு தண்ணீருக்கு நடுவே ஒரு நடை

வணக்கம் ஐயா,

வவுனியாவிலிருந்து இரண்டு தடவை திருகோணமலைக்கு வந்திருக்கிறேன். பஸ்ஸால் இறங்கி ஆட்டோ பிடித்தால் கோணேசர் கோயில், பிறகு கடற்கரை, அவ்வளவுதான். மூன்றாம் தடவை வீதி வீதியாக நடந்து பார்க்க நினைத்தேன். போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பத்தரைக்கே வெயில் தாங்காமல் திரும்பிவிட்டேன், பார்த்ததும் மனதில் நிற்கவில்லை. எங்கே தொடங்கி எப்படி நடப்பது?

– வாசகர், வவுனியா

வணக்கம்.

உங்கள் நடை பிழைத்ததற்கு வெயில் பாதிக் காரணம், மேப் மீதிக் காரணம். மேப் கிட்டிய வழியைத்தான் காட்டும். நீங்கள் பார்க்க வந்ததோ வீதியை. இந்தப் பட்டினத்துக்கு மேப் தேவையுமில்லை. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவே ஒடுங்கிய நிலத்தில் ஊர். அலை இரைந்தால் வெளிக்கடல் பக்கம் நிற்கிறீர்கள்; தண்ணீர் குளம் போல் கிடந்தால் துறைமுகப் பக்கம்.

காலை ஐந்தே முக்காலுக்கு டச் பே கரையில் தொடங்குங்கள். கோட்டை வாசல் கிட்டத்தான். அதை ஆட்டோவில் கடந்து போகிறவர்கள் தவறவிடுவது வாசல் நிலைக்கல்லை. அதில் இரட்டை மீனும் தேய்ந்த தமிழ் எழுத்தும் உண்டு. 'முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியை' என்று ஊரார் சொல்லும் பாட்டின் துண்டு அது. கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன்தான் குளக்கோட்டன். 1620களில் போர்த்துக்கேயர் அந்தப் பழைய கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை இது. நேரே நின்றால் வெறுங்கல்லாகத் தெரியும். ஒரு ஓரமாய் நகர்ந்து, வெளிச்சம் சாய்ந்து விழும் பக்கத்திலிருந்து பாருங்கள், வெட்டு துலங்கும். உள்ளே இராணுவம் இருப்பதால் படம் எடுக்க முன் காவலில் நிற்பவரைக் கேளுங்கள். கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். தின்பண்டத்தோடு பொலித்தீனையும் விழுங்கிவிடும். உள்ளே மேட்டில் இருக்கும் இன்றைய கோணேசர் கோயிலில் கும்பிட்டு ஏழரைக்குள் இறங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது.

பிறகுதான் வீதிகள். பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதி என்று மூன்று, குறுக்குத் தெருக்களால் பிணைந்து கிடக்கின்றன. ஒரு காலைக்கு ஒரு வீதி போதும். குறுக்குத் தெரு வரும்போதெல்லாம் உள்ளே திரும்பினால் எதுவரை நடந்தோம் என்பது குழம்பிவிடும். பெயரை மட்டும் கொப்பியில் குறித்துக்கொண்டு வீதியை முடியுங்கள். போகும்போது ஒரு ஓரம், வரும்போது மறு ஓரம். கடையின் கீழ்த்தட்டைக் கிட்ட நின்று பார்க்கலாம். மேலே மிஞ்சியிருக்கும் ஓட்டுக் கூரையும் மரச் சாளரமும் எதிர் ஓரத்திலிருந்துதான் தெரியும். காலையில் கடல் பக்க வரிசைதான் நிழல் தரும், ஆகவே அந்த ஓரத்தைத் திரும்பி வருவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீதிப் பலகை இல்லையா? கடைப் பெயர்ப்பலகையின் அடிவரியைப் பாருங்கள், பெரும்பாலும் இலக்கமும் வீதிப் பெயரும் இருக்கும். பலகைப் பெயரோடு சனங்கள் வாயில் வரும் பெயரையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'ஓர்ஸ் ஹில்' என்கிற பகுதி தமிழில் உவர்மலை. ஓசை ஒட்டி நிற்க, பொருள் உப்புக்குத் தாவிவிட்டது. இப்படி ஒன்று கையில் அகப்பட்டால் அந்தக் காலை வீணில்லை.

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, ஆனால் கச்சான் காற்று அனலாக வீசும். ஒன்பதரைக்கு நிறுத்திவிடுங்கள், ஒரு லீற்றர் தண்ணீர் கையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த நடை சரிவராது.

டொக்யார்ட் வீதியைத் தனி நாளுக்கு வையுங்கள். கடற்படைத் தளத்துக்குள் போக முடியாது. காளி கோயிலைப் பார்த்தபின் எஸ்பிளனேட் பக்கப் பழைய சேமக்காலையைக் கேட்டுப் போங்கள். 1852இல் பர்மாவில் இறந்த கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, அங்கேதான் அடக்கம். கேற் பூட்டியிருந்தால் மதில் ஏறாதீர்கள், அயல் வீட்டில் விசாரியுங்கள்.