ஊர் ஆரோக்கிய வேலைக்கு நிதி கேக்குறது எப்படி? உங்க கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி அனுப்புங்கனு சொன்னதும் இத்தன பேர் எழுதுவீங்கனு நெனைக்கவே இல்ல, ரொம்ப சந்தோஷம். நான் 13 வருசமா ஒரு சின்ன டிரஸ்ட்ல புரபோசல் எழுதி, கணக்கு ஒப்படைச்சு, பணம் குடுத்தவங்க விசிட் வந்தா கூட்டிட்டுப் போய் காமிக்கிற வேலை பாக்குறேன். அதுல கத்துக்கிட்டத சொல்றேன்.

திண்டுக்கல் பக்கத்துல இருந்து: அக்கா, நாங்க மகளிர் குழுல 12 பேர் சேந்து வாராவாரம் ஊர்ல பிபி, சுகர் பாக்குறோம். ஸ்ட்ரிப் வாங்கவே காசு பத்தல. கம்பெனிங்க சமூக வேலைக்குச் செலவு பண்ற சிஎஸ்ஆர் பணம் கேக்கலாமா?

உங்க 12 பேருக்கும் என் கும்பிடு. ஆனா தங்கச்சி, குழு பேர்ல அந்தப் பணத்த வாங்க முடியாது. பதிவு பண்ண டிரஸ்ட், சொசைட்டி, இல்ல செக்‌ஷன் 8 கம்பெனியா (லாப நோக்கம் இல்லாத சேவைக் கம்பெனி) இருக்கணும், 12ஏ, 80ஜி-னு ரெண்டு வருமான வரிப் பதிவும் வேணும், மூணு வருசம் இதே மாதிரி வேலை செஞ்சிருக்கணும், 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 ஃபார்ம் போட்டு நம்பரும் வாங்கியிருக்கணும். அதுக்காக மனசு விட்றாதீங்க. கம்பெனி தானே நேரா செலவு பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு, அதனால பணமா கேக்காம ஸ்ட்ரிப்பும் பிபி மெஷினும் வாங்கித் தாங்கனு பக்கத்து மில்லுல கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, பஞ்சாயத்துல கிராம சுகாதாரக் குழுனு ஒண்ணு இருக்கும், தேசிய நலவாழ்வுத் திட்டத்துல அதுக்கு வருசத்துக்கு 10,000 ரூபா வரைக்கும் வரும். நிறைய ஊர்ல அப்படி ஒரு குழு இருக்குறதே மக்களுக்குத் தெரியாது. உங்க நர்ஸம்மாகிட்ட போய் உக்காந்து பேசுங்க. நீங்க கண்டுபிடிக்கிற ஆளுங்கள மக்களைத் தேடி மருத்துவத்துல சேத்து விடுங்க, 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச திட்டம், பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். நாளைக்கு யார்கிட்ட நிதி கேட்டுப் போனாலும் "டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் என்ன செய்யறீங்க"னு தான் முதல்ல கேப்பாங்க, அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும்.

கோவை: எந்த கம்பெனி சிஎஸ்ஆர் குடுத்தே ஆகணும், சார்?

சார் இல்ல, அக்காதான்! 2013 கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, இல்ல டர்ன்ஓவர் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, முந்தின வருசம் இதுல ஏதாவது ஒண்ணத் தொட்டிருந்தா போதும், மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும். எல்லாரும் பெரிய பேருக்கே எழுதிட்டு இருக்கீங்க. 5 கோடி லாபம் பாக்குற கம்பெனி உங்க சிட்கோ பக்கத்துலயே இருக்கலாம், தான் இருக்குற ஏரியாவுக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சட்டமும் சொல்லுது.

விழுப்புரம்: மூணு தடவ புரபோசல் போட்டோம், மூணும் திரும்பிடுச்சு. என்ன தப்புனே தெரியல.

நீங்க அனுப்பினத படிச்சேன் தம்பி. முதல் ரெண்டு பக்கமும் இந்தியாவுல சர்க்கரை நோய் எவ்ளோ இருக்குனு தான் இருக்கு, உங்க ஊர் பேர் மூணாவது பக்கத்துல தான் வருது. நாட்டு நிலவரம் அவங்களுக்கே தெரியும், உங்க தெருவுல எத்தன வீடு, எத்தன பேருக்கு பிபி, பஸ் எத்தன மணிக்கு, மாத்திரை வாங்க எவ்ளோ தூரம் போகணும், இது உங்களுக்கு மட்டும் தான் தெரியும், அத முதல் பாராவுல வைங்க.

எங்களுக்கு நடந்தத சொல்றேன். ஒரு தடவ விசிட் வந்த மேடம் நாங்க ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்ச பவர்பாயிண்ட்ட பாக்கவே இல்ல, நோட்ட கொண்டாங்கனாங்க. நீல அட்டை போட்ட சாதா நோட்டு, எண்ணெக் கறையோட. ஒரு பக்கத்துல விரல வச்சு, "இந்தப் பாட்டிக்கு ஜூன்ல 180 இருக்கு, ஆகஸ்ட்ல ஏன் வெறும் கோடு?"னு கேட்டாங்க. எனக்கு தெரியல, கை நடுங்குது. எங்க நர்ஸ் பொண்ணு டக்குனு, "மக வீட்டுக்கு திருப்பூர் போயிருக்காங்க மேடம், மாத்திரை அங்க வாங்கிக்கிறாங்க, போன்ல கேட்டு பின்னாடி எழுதியிருக்கேன்"னு பக்கத்தத் திருப்பிக் காட்டிச்சு. ரெண்டு வருசத்துக்கு நிதி வந்துச்சு. அந்த நோட்ட இன்னும் பீரோல வச்சிருக்கேன்.

மதுரை: நர்ஸ் சம்பளத்த பட்ஜெட்ல போட்டா 5 சதவீதத்துக்கு மேல கூடாதுனு சொல்றாங்களே அக்கா?

இது எல்லாரும் குழப்பிக்கிற விஷயம். அந்த 5 சதவீதம் கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவுக்கு வச்சுக்கிற வரம்பு. திட்டத்துல நேரா வேலை செய்யற நர்ஸ் சம்பளம் திட்டச் செலவு தான். தயவுசெஞ்சு சம்பளத்த குறைச்சு எழுதாதீங்க, 6,000 ரூபாய்க்கு நர்ஸ் போட்டா நாலாவது மாசம் அந்தப் பொண்ணு போயிடும், ஊர்க்காரங்க நம்பிக்கையும் கூடவே போயிடும்.

தஞ்சாவூர்: மாமா கனடால இருக்கார், எங்க டிரஸ்டுக்கு 2 லட்சம் அனுப்புறேங்கிறார், வாங்கலாமா?

மாமாகிட்ட எந்த பாஸ்போர்ட்னு கேளுங்க. இந்திய பாஸ்போர்ட்டே இருந்து சொந்த சேமிப்புல பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை இல்ல. கனடா குடியுரிமை வாங்கிட்டார்னா, நம்ம ஊர்லயே பொறந்தவரா இருந்தாலும், எஃப்சிஆர்ஏ-ங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு ரூபா வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்கு பொதுவா மூணு வருசம் இயங்கி 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும், பணமும் முதல்ல டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குக்குத் தான் வரணும்.

நாகை: வயசானவங்க தனிமைக்கு, மனநலத்துக்கு எல்லாம் நிதி தருவாங்களா?

தருவாங்க. சிஎஸ்ஆர் பணத்த எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்னு சொல்ற கம்பெனிச் சட்டத்தோட ஏழாவது அட்டவணைல நோய் தடுப்பு இருக்கு, முதியோர் பகல் நேர பராமரிப்பு மையமும் இருக்கு. "விழிப்புணர்வு"னு மட்டும் எழுதாதீங்க, எத்தன பேர், எந்த இடம், யாரு சமைப்பா, இதெல்லாம் எழுதுங்க. 14416-ங்கிற டெலி மானஸ் மனநல உதவி நம்பர இப்பவே சுவத்துல எழுதிப் போடுங்க, அதுக்கு யார் நிதியும் வேணாம்.

சேலம்: டிரஸ்ட் பதிவாயிடுச்சு, ஆனா நன்கொடை எல்லாம் என் சொந்த அக்கவுண்ட்ல தான் வருது, பரவாயில்லையா?

அப்படி வாங்கக் கூடாது தம்பி, இன்னைக்கே நிறுத்துங்க. டிரஸ்ட் பேர்ல பான் வாங்கி, ரெண்டு பேர் கையெழுத்துல அக்கவுண்ட் தொறங்க. இதுவரைக்கும் வந்தத தேதி வாரியா எழுதி, டிரஸ்ட் கணக்குக்கு மாத்தி, மீட்டிங் மினிட்ஸ்ல பதிவு பண்ணிட்டு ஆடிட்டர பாருங்க. 80ஜி வந்த பிறகு வருசா வருசம் மே 31க்குள்ள 10பிடி-ங்கிற நன்கொடைக் கணக்கு ஃபார்ம வருமான வரித்துறைக்குப் போடணும், தவறினா ஒரு நாளைக்கு 200 ரூபா கட்டணும், அதையும் அவர்கிட்ட இப்பவே சொல்லி வைங்க.