கை வேலையும் காதும்

அன்புள்ள ஐயா,

ஊடக வரலாறு படிக்கும் மாணவி நான். 1951-ஆம் ஆண்டு பிபிசி வானொலியின் ஒருநாள் நிகழ்ச்சி நிரலை வைத்து ஒரு கட்டுரை எழுத முயல்கிறேன். மூன்று அலைவரிசைகளில் 'தேர்ட் புரோகிராம்' மட்டுமே எனக்கு உண்மையான வானொலியாகத் தெரிகிறது. கவிதை, நாடகம், முழுநீளக் கச்சேரி என்று எவ்வளவு இருக்கிறது! 'லைட் புரோகிராம்' சமையலறை இரைச்சல்தானே? பெண்களை அடுப்படியிலேயே இருத்தும் தந்திரமும், 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற விவசாயக் குடும்பத் தொடரில் அரசுப் பிரச்சாரமும் வேறு. நானும் காய் நறுக்கிக்கொண்டே பாட்காஸ்ட் கேட்பவள், குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. அந்தக் காலத்தின் கவனமான கேட்பு இனி திரும்புமா?

க.

அன்புள்ள க.,

போன வாரம் ஊரில் வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து என் அத்தையின் பீடித்தட்டு கிடைத்தது. அதைத் துடைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். 'தி ஆர்ச்சர்ஸ்' விவசாய அமைச்சகத்தின் ஆலோசனையோடு வந்த தொடர்தான். யாரும் மறைக்கவில்லை. 1951 ஜனவரி 1-இல் அது நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியபோது பிரிட்டனில் ரேஷன் முடியவில்லை. இறைச்சிக்கு 1954 வரை கூப்பன் வேண்டியிருந்தது. விளைச்சலைக் கூட்டு என்று ஒரு நாடகம் சொன்னால் அது சதியா? நம் தஞ்சாவூர்க்காரர்கள் வானொலியில் கேட்டுப் பயிரிட்ட ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். பெண்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. 1946-இல் தொடங்கிய 'உமன்ஸ் அவர்' நிகழ்ச்சியை முதலில் நடத்தியவரே ஓர் ஆண். சரி, அது போகட்டும்.

'இரைச்சல்' என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன்.

உங்கள் நிரலில் லைட் புரோகிராம் பகுதியில் காலை 10.30-க்கு 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்று ஒரு வரி இருக்கும். பிற்பகலில் மறுபடியும் வரும். நீங்கள் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அது தொடங்கியது 1940 ஜூன் 23-இல். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படைகள் பின்வாங்கித் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆயுதத் தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே ஒலிபெருக்கியில் போடுவதற்காகவே அரைமணி நேர இசை. அதைச் செய்தவர்கள் தொழிற்சாலைக் கூடங்களுக்கே போய் நின்று கேட்டுப் பார்த்தவர்கள். அங்கே கற்றுக்கொண்டதையெல்லாம் விதியாக்கினார்கள். ஓசை ஏறி இறங்கக் கூடாது, ஏனென்றால் மெல்லிய இடம் இயந்திரச் சத்தத்தில் மூழ்கிவிடும். மெதுவான வால்ட்ஸ் நடன இசை கூடாது, தூக்கம் வரும். டிரம்மில் திடீர் அடி கூடாது, துப்பாக்கிச் சத்தம் என்று பதறுவார்கள். பாட்டுக்குப் பாட்டு அறிவிப்பாளர் வந்து பேசவும் கூடாது. இடையிடையே கைதட்ட வேண்டிய ஓர் அமெரிக்கப் பாட்டைத் தடையே செய்தார்கள். கை வேலையாக இருந்தவர்கள் கையில் இருந்த கருவியால் இயந்திரத்தைத் தட்டிவிடுவார்கள் என்று பயம்!

இதுவா இரைச்சல்? கேட்பவரின் கை இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று யோசித்து ஓர் அரைமணி நேரத்தை அமைப்பது எவ்வளவு பெரிய வேலை! போர் முடிந்தும் அதை நிறுத்த மனம் வராமல் 1967 வரை ஓட்டினார்கள்.

போருக்கு முந்திய பிபிசிக்கு உங்கள் கருத்துதான் இருந்தது. அரங்கில் உட்காருவதுபோல வீட்டிலும் உட்கார்ந்து கேளுங்கள், வேண்டுமானால் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று நேயர்களுக்குப் பாடம் எடுத்தது. தேர்ட் புரோகிராம் அந்தப் பாடத்தின் நல்ல மாணவன். டிலன் தாமஸின் புகழ்பெற்ற வானொலி நாடகம் 'அண்டர் மில்க் வுட்' 1954-இல் அங்கேதான் முதலில் ஒலித்தது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த அலைவரிசை நாளைத் தொடங்கியதே மாலை ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு உட்கார எந்த வீட்டில் யாரால் முடியும்? அடுப்பில் உலை கொதிக்காதவர்களால்தான்.

என் அப்பா பள்ளி ஆசிரியர். செய்தி நேரத்தில் வீடு மூச்சு விடக் கூடாது. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு 'கவனமாக' கேட்பார். ஐந்தாவது நிமிடம் குறட்டை. வாயைத் திறந்து சொல்ல முடியுமா?

அத்தை திண்ணையில் பீடி சுற்றுவாள். நாளுக்கு ஆயிரம். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், விரலில் நூல், ஜன்னலில் ரேடியோ, அதில் இலங்கை வானொலி. தலை நிமிரவே மாட்டாள். இவள் எங்கே கேட்கிறாள், சும்மா ஓடுகிறது என்று நினைத்து ஒருநாள் குமிழைத் திருகிவிட்டேன். "ஏலே, அந்தாளுக்கு இன்னிக்குச் சளி பிடிச்சிருக்கு, பாவம், தொண்டையக் கனைச்சுக் கனைச்சுப் பேசுதாரு. வையி மறுபடி" என்றாள். அறிவிப்பாளருக்குச் சளி! அப்பாவுக்கு எந்த நாளாவது அது காதில் விழுந்திருக்குமா? எனக்கே விழவில்லை. அவள் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததில்லை, பெயரைச் சரியாகச் சொல்லவும் தெரியாது. மறுநாள் ரேடியோவைப் போட்டதும், "இன்னிக்குத் தேவல" என்றாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உங்களைத் திட்டுவதாக நினைக்காதீர்கள் அம்மா, கொஞ்சம் திட்டத்தான் செய்கிறேன். அரைக் காதால் கேட்டவர்களைக் கேட்காதவர்கள் என்று கணக்கு எழுதிவிட்டால் 1951-இல் பிரிட்டனில் வானொலி கேட்ட பெரும்பாலானவர்கள் உங்கள் கட்டுரையிலிருந்து காணாமல் போய்விடுவார்கள். தேர்ட் புரோகிராம் நேயர்கள் எப்போதும் சிறு கூட்டம்தான். 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்' நிகழ்ச்சிக்கு விருப்பப் பாட்டு கேட்டு அஞ்சலட்டை எழுதிப்போட்டவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதியவர்கள் அவர்கள். நிரல்கள் வேண்டுமென்றால் 'பிபிசி ஜீனோம்' (இப்போது 'பிபிசி புரோகிராம் இன்டெக்ஸ்') தளத்தில் 1923-இலிருந்து இருக்கின்றன, தினம் ஒன்றாகப் படிக்கலாம்.

கவனமான கேட்பு திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தெரியவில்லை. பாட்காஸ்ட் ஓடட்டும், காயையும் நறுக்குங்கள். கத்தி கூராக இருந்தால் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.