துறைமுகக் கடல் சுத்தமா என்று யார், எப்படிப் பார்க்கிறார்கள்?

கேள்வி: "திருகோணமலைத் துறைமுகத்துக்கு இத்தனை கப்பல்கள் வருகின்றன. அங்கே கடலும் காற்றும் மாசுபடுகிறதா என்று உண்மையிலேயே யாராவது அளக்கிறார்களா? எப்படி அளக்கிறார்கள்?"

அளக்கிறார்கள். அந்த வேலையின் அடிப்படியில் நானும் ஏறக்குறைய மூன்று வருடம் நின்றிருக்கிறேன். தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு மாதிரி சேகரிப்பவன். பச்சையாகச் சொன்னால், படகில் போய்ப் போத்தலில் தண்ணீர் அள்ளுகிறவன். ஆகவே சட்டத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டுப் போத்தலுக்கு வந்துவிடுகிறேன்.

கடலில் நடப்பதற்கு 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை. கரையிலிருக்கும் ஆலைகள் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் முறைப்படி சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். துறைமுகத்தை நடத்துவது துறைமுக அதிகாரசபை. இவற்றுக்கு மேல், உள்ளே கடற்படைத் தளம் இருப்பதால் போத்தலோடு படகில் ஏறவே அனுமதிக் கடிதம் வேண்டும்.

எங்களுக்கு வழக்கமாக அனுமதி கிடைத்த நேரம் காலை ஒன்பதுக்குப் பிறகு. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் விடிவதற்குச் சற்று முன்னால்தான் மிகக் குறைவாக இருக்கும். இரவு முழுக்க எல்லா உயிர்களும் மூச்சு விடுகின்றன, வெயில் இல்லாததால் பாசி எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்பது மணிக்குப் பாசி வேலைக்கு வந்துவிடும். நாங்கள் கொண்டுபோன தண்ணீர் ஒவ்வொரு முறையும் நல்ல பிள்ளையாகவே இருந்தது. யாரும் பொய் எழுதவில்லை. அள்ளிய நேரம் அப்படி. எனவே கண்காணிப்பு அறிக்கை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது முடிவு அட்டவணையை அல்ல. எந்த நேரம், எந்த ஆழம், எந்தக் காற்று என்பதைத்தான். அந்த மூன்றும் இல்லாத அறிக்கையைக் கச்சான் கொட்டை சுற்றக் கொடுக்கலாம்.

ஒட்சிசன் அளப்பதைப் பார்க்கவே அழகாக இருக்கும். இப்போது மின்கருவி வந்துவிட்டது. நான் கற்றது பழைய விங்க்ளர் முறை. கண்ணாடிப் போத்தலில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மங்கனீசு சல்பேற்றும் காரம் கலந்த அயடைட்டும் சில துளிகள் விட்டு, மூடித் தலைகீழாகப் புரட்ட வேண்டும். ஒட்சிசன் இருந்தால் உள்ளே தேயிலைச் சாயம்போல் கபில நிற மண்டி சுருண்டு இறங்கும். இல்லையென்றால் மண்டி வெள்ளையாகவே நிற்கும். மேல்மட்டத்துப் போத்தலையும் அடிமட்டத்துப் போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால், ஆய்வுகூடத்துக்குப் போகும் முன்பே படகிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும்.

என் மானம் போன கதை எண்ணெய்ப் போத்தலில். மற்ற மாதிரிகளுக்குப் போத்தலை அந்த இடத்துக் கடல்நீராலேயே மூன்று முறை அலசிவிட்டுத்தான் நிரப்புவோம். எண்ணெய்க்கும் கிரீசுக்கும் அப்படிச் செய்யக் கூடாது. எண்ணெய் கண்ணாடியில் ஒட்டும். ஒவ்வொரு அலசலும் உள்சுவரில் ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும், கடைசியில் கடலில் இருப்பதைவிடப் போத்தலில் அதிகம் இருக்கும். அது புதிதாய்ச் சேர்ந்த எனக்குத் தெரியாது. மிகுந்த பொறுப்போடு மூன்று முறை அலசி நிரப்பினேன். முடிவு வந்தபோது ஓர் இறங்குதுறைக்கு அருகே மட்டும் எண்ணெய் அளவு தூக்கலாக நின்றது. கடிதங்கள் பறந்தன, கூட்டம் கூடியது, நங்கூரமிட்டு நின்ற கப்பல் ஒன்றின் மேல் சந்தேகம் விழுந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு "போத்தலை என்ன செய்தீர்?" என்று கேட்டார். "நன்றாகக் கழுவினேன், சேர்" என்றேன். அந்தப் பதிலைக் கேட்டு அவர் கண்ணை மூடிக்கொண்ட விதம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

எண்ணெய் பற்றி இன்னொன்று. வானவில் நிறத்தில் கடல் மினுங்கினால் உடனே கப்பல் கவிழ்ந்த கணக்கில் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த வானவில் படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 0.3 முதல் 5 பங்குதான். ஒரு ஹெக்டயர் பரப்பில் அப்படி மினுங்கினால் அதில் இருப்பது சுமார் 3 முதல் 50 லீற்றர் எண்ணெய். வெறும் வெள்ளிப் பளபளப்பென்றால் 3 லீற்றருக்கும் குறைவு. மீன்பிடி வள்ளத்தின் அடித்தண்ணீரை இறைத்துக் கொட்டினாலே போதும். பயப்பட வேண்டியது வானவில் காட்டாத தடித்த கறுப்புக்கும் கபிலத்துக்கும்.

எங்கள் படகோட்டி கிண்ணியாக்காரர். அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கருவி எதுவும் இல்லாமல் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு மார்கழியில் கொட்டியாரக் குடாப் பக்கம் தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடந்தது. கலங்கல் அளவு எகிறியிருந்தது. நான் உற்சாகமாகக் குறித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, இது கப்பலுடைய வேலை இல்லை, கங்கையுடைய வேலை" என்றார். மகாவலி கங்கை வந்து விழுவது அங்கேதானே. வாடைக் காற்று மழையில் ஆறு கொண்டுவரும் மண்ணையும் உரத்தையும் துறைமுகத்தின் கணக்கில் எழுதினால் அது அநியாயம். ஆற்றின் கணக்கில் துறைமுகம் ஒளிந்துகொள்வதும் அப்படியே. இரண்டையும் பிரிக்க ஒரே வழி, கப்பல் போகாத இடம் ஒன்றிலும் அதே நாளில் அதே ஆழத்தில் அள்ளி, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவதும் அந்த இடம்தான்.

ஏறக்குறைய 1,630 ஹெக்டயர் நீர்ப்பரப்பு கொண்ட இயற்கைத் துறைமுகம் இது. ஆழமானது, மூன்று பக்கமும் மலையும் கரையும் காக்கும் இடம். கப்பலுக்குச் சொர்க்கம். ஆனால் இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. பெருக்கு உயரமாக ஏறி இறங்கும் துறைமுகங்களில் கடல் தினமும் வீட்டைக் கழுவிவிடுகிறது. எங்கள் உள்மூலைகளில் தண்ணீர் மெதுவாகத்தான் மாறும். எனவே என்னைக் கேட்டால், தண்ணீரைவிடச் சேற்றைப் பாருங்கள் என்பேன். தண்ணீர் நேற்றுச் செய்ததை இன்று காட்டாது. ஈயம், செம்பு, கப்பலின் அடிப்பூச்சு நஞ்சு எல்லாம் சேற்றில் படிந்து கிடக்கும். சிப்பி ஒட்டாதிருக்கக் கப்பலின் அடியில் பூசிவந்த வெள்ளீயச் சேர்வைப் பூச்சு 2008 முதல் உலக ஒப்பந்தத்தில் தடை. ஆனாலும் பல துறைமுகங்களின் சேற்றில் அது இன்னும் இருக்கிறது. இங்கே எண்ணெய்த்தாங்கிகள் பிரித்தானியர் காலத்தவை, 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானத் தாக்குதலில் தீப்பிடித்ததும் உண்டு. மேற்சேற்றை மட்டும் கிள்ளி எடுக்காமல் குழாய் இறக்கி அடுக்கடுக்காக எடுத்தால்தான், பாட்டன் காலத்து அழுக்கு எது, போன வருடத்து அழுக்கு எது என்று தெரியும்.

காற்றை அளப்பதிலும் தண்ணீரின் அதே நோய்தான்: எப்போது, எங்கே அளந்தோம் என்பதில்தான் முடிவு இருக்கிறது. தூசியை வடிதாளில் 24 மணித்தியாலம் உறிஞ்சி, தாளை முன்னும் பின்னும் நிறுப்பார்கள். 10 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த தூசிக்கு நம் நாட்டு எல்லை ஒரு கன மீற்றருக்கு 100 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 45. சீமெந்துக்கான கிளிங்கரையோ தானியத்தையோ பாரந்தூக்கியின் வாய்க்கரண்டியால் அள்ளி இறக்கும் இரண்டு மணித்தியாலத்தில் புழுதி கண்ணை மறைக்கலாம்; மீதி 22 மணித்தியாலம் சேர்ந்து அதைச் சராசரியில் கரைத்துவிடும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் கருவியை இறங்குதுறைக்கு மேற்கே வைத்தால் சுத்தமான காற்றையே அளந்துகொண்டிருக்கலாம். கப்பல் புகைக்கு 2020 ஜனவரி 1 முதல் எரிபொருளின் கந்தகம் 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதத்துக்கு இறக்கப்பட்டது. அது நல்ல மாற்றம், அதைக் கப்பலின் எரிபொருள் ரசீதிலேயே பார்த்துவிடலாம்.

இத்தனை சலிப்பூட்டும் அளவைகள் எதற்கு என்றால், விபத்துக்கு முந்திய கணக்கு வேண்டும் என்பதற்காக. 2020 செப்டெம்பரில் அம்பாறைக் கரைக்கு அப்பால் நியூ டயமண்ட் கப்பல் சுமார் 2,70,000 தொன் மசகெண்ணெயோடு எரிந்தது. சரக்கு எண்ணெய் கொட்டவில்லை, தப்பினோம். அடுத்த வருடம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்து பிளாஸ்டிக் குருணை கரையெல்லாம் ஒதுங்கியபோது தப்பவில்லை. அப்படி ஒன்று இந்த வாசலில் நடந்து நட்டஈடு கேட்கும் நாளில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி "இதற்கு முன் இந்தக் கடல் எப்படி இருந்தது?" என்பதாகத்தான் இருக்கும்.

நீங்கள் கரையில் இருப்பவராக எதையாவது கண்டால்: நேரம், இடம், காற்றின் திசை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வலயத்துக்குள் படம் எடுக்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். எண்ணெயாக இருந்தால் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து, குளிரில் வைத்து, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையிடம் கொடுங்கள். கப்பலின் தாங்கியிலிருக்கும் எண்ணெயோடு கைரேகைபோல் ஒப்பிட ஆய்வுகூடத்தால் முடியும். போத்தலைக் கடல்நீரில் அலசாதீர்கள். பெயர்த்தாளைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மையை எண்ணெய் அழித்துவிடும்.