நிலத்தை விற்று டாக்டர் சீட்டு வேண்டாம், பாலை அளக்கப் படிக்கட்டும்

திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வேதியியலில் நல்ல மதிப்பெண், நீட்டில் அரசு இடத்துக்குப் போதாத மதிப்பெண். ரோட்டோர நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தனியாரில் எம்பிபிஎஸ் சேர்க்கலாம் என்கிறார் தாய்மாமா. மகளோ, கல்பாக்கம் அணுமின் நிலைய ஆய்வகத்திலிருந்து வந்து தங்கள் வீட்டு மாட்டுப் பாலைச் சோதனைக்கு வாங்கிப்போகிறார்களே, அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறாளாம்.

அம்மா, கவலை நியாயம்தான். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது உங்கள் அண்ணனின் யோசனைக்குத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்பிபிஎஸ் முடிப்பதற்குள் ஒரு கோடியைத் தாண்டிவிடும். எம்டி இல்லாமல் இந்தக் காலத்தில் மதிப்பில்லை என்று ஆறு வருடம் கழித்து அதே அண்ணன்தான் சொல்வார். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு? இன்ஜினியரிங், நர்சிங் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. மகள் கேட்டதற்கு நான் சொல்கிறேன்.

அந்தத் துறைக்குக் கதிரியக்கச் சூழலியல் என்று பெயர். மண்ணிலும் புல்லிலும் விழுந்த கதிரியக்கப் பொருள் ஆடுமாடு வழியாக மனிதருக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கும் வேலை. ஒரு பசு நாளெல்லாம் மேய்ந்து, பரந்த நிலத்தில் படிந்ததைத் திரட்டிப் பாலில் கொண்டுவந்துவிடுகிறது. அணு உலை விபத்தில் வெளியேறும் கதிரியக்கப் பொருள்களில் முக்கியமானவை அயோடின்-131, சீசியம்-137. புல்லில் விழுந்த அயோடின்-131 ஓரிரு நாளில் பாலில் தெரியும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கொட்டிவிட்டார்கள். அயோடினின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், எட்டு நாள்தான், சில வாரங்களில் அது அடங்கிவிட்டது. சீசியம்-137 முப்பது வருட ஆள்.

உக்ரைனில் செர்னோபில் அணு உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. அடுத்த வாரம் பிரிட்டனின் வேல்ஸ், கம்ப்ரியா, ஸ்காட்லாந்து மலைகளில் பெய்த மழையோடு சீசியம் இறங்கியது. செம்மறி விற்பனைக்குப் போட்ட தடை சில வாரங்களில் தீரும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012 ஜூனில்! எல்லாம் மண் செய்த வேலை. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த மலைகளில் இருப்பதோ செடிகொடி மக்கிய கரிமண். அதில் களியும் குறைவு, பொட்டாசியமும் குறைவு. சீசியமும் பொட்டாசியமும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். பொட்டாசியம் கிடைக்காத வேர் சீசியத்தை இழுத்துக்கொள்கிறது. ஆடு மேய்கிறது, சீசியம் தசையில் சேர்கிறது. புழுக்கை வழியாக ஒரு பங்கு மண்ணுக்கே திரும்புகிறது, அடுத்த வருடப் புல்லிலும் அது இருக்கிறது.

கிலோ இறைச்சிக்கு 1000 பெக்கரல் என்று எல்லை வைத்தார்கள். ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். ஆட்டை வெட்டாமலே, கைக்கருவியை அதன் உடம்பில் வைத்து அளந்தார்கள். எல்லை மீறிய ஆட்டுக்குப் பெயின்ட் அடையாளம். அதைத் தாழ்வான நிலத்தில் சுத்தமான புல்லில் சில வாரம் மேயவிட்டால் உடம்பில் உள்ள சீசியம் தானாகக் குறையும். நார்வேயில் பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பொருளை உப்புக்கட்டியில் கலந்து நக்கவிட்டார்கள். அது சீசியத்தைக் குடலிலேயே பிடித்துச் சாணத்தோடு வெளியே தள்ளிவிடும். எவ்வளவு எளிய வைத்தியம் பாருங்கள்.

கல்பாக்கத்தில் பால், புல், ஆட்டின் தைராய்டு சுரப்பி என்று மாதிரி எடுப்பது வழக்கமான கண்காணிப்பு. ஆபத்து வந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. பசுவைவிட வெள்ளாடு, தான் தின்றதில் பல மடங்கு அதிகப் பங்கை ஒவ்வொரு லிட்டர் பாலிலும் தருகிறது. இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் மங்களூர் பல்கலைக்கழக ஆய்வு மையம் கைகா அணுமின் நிலையம் அருகே புல், பசு, பால் என்று தொடர்ந்து அளந்தது. வேலை பெரும்பாலும் பொறுமை சார்ந்தது. பாலை ஆவியாக்கிச் சாம்பலாக்க வேண்டும், கதிர்வீச்சை அளக்கும் ஜெர்மானியம் உணரியில் மணிக்கணக்கில் வைத்து எண்ண வேண்டும். ஸ்ட்ரான்சியம்-90 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் என்றால் வேதிமுறையில் பிரித்துவிட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அளக்கப் பிடிக்கும் பிள்ளைக்கு இது சொர்க்கம், மற்றவர்களுக்குத் தண்டனை.

படிப்பு? அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி வேதியியல். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பிறகு எம்எஸ்சி. அதன்பின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வு எழுதலாம். தேறினால் ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகையோடு. இல்லையென்றால் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலேயே உதவித்தொகையோடு பிஎச்டிக்கு முயலலாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை, மறைக்க மாட்டேன். கிடைக்காவிட்டாலும் எம்எஸ்சி வேதியியல் கையில் இருக்கும், உணவுப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. நிலமும் இருக்கும்.

நார்வேயில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இருப்பது உண்மை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2023 முதல் அங்கே கட்டணம் வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. கடன் வாங்கி அனுப்பாதீர்கள். அங்கே பிஎச்டி சம்பளத்தோடு கூடிய வேலை, போவதென்றால் அதற்குப் போகட்டும்.

"கதிர்வீச்சு வேலை என்றால் யார் பெண் எடுப்பார்கள்" என்றாராம் அண்ணன். எந்த மாட்டுப் பாலிலும் இயற்கையாகவே லிட்டருக்கு 40 பெக்கரலுக்கு மேல் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, அவர் குடிக்கும் காபியிலும்தான். இந்த ஆய்வகத்தில் அளப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அளவுகளை. அவரிடம் இதைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள்.

விண்ணப்பத்தில் ஒன்று மட்டும் கவனியுங்கள். துணைப்பாடமாக இயற்பியலும் கணிதமும் உள்ள வேதியியல் பிரிவாகப் பார்த்துச் சேருங்கள், கணிதத்தைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள். உணரி தரும் எண்ணில் எவ்வளவு பிழை இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவரை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.