பெற்றோர் தங்குவது 3 மாதம், தவணை 24 மாதம்

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு வயது 6, 3. என் பெற்றோர் ஆண்டுக்கு ஒரு முறை வந்து 3 மாதங்கள் எங்களோடு தங்குவார்கள். அந்த நாட்களில் வாரம் தவறாமல் எல்லோருமாக எங்காவது வெளியே போவோம். நடுவில் ஒரு பெரிய பயணமும் உண்டு. எல்லாச் செலவும் கிரெடிட் கார்டில்தான். பில் வரும்போது குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, அவர்கள் ஊருக்குத் திரும்பியதும் நிலுவையை 24 மாதத் தவணையாக மாற்றிக்கொள்கிறோம். முந்தைய இரண்டு ஆண்டுகளின் தவணைகளும் இப்போது ஓடுகின்றன. ஒன்றில் 4 மாதமும், மற்றொன்றில் 16 மாதமும் பாக்கி. எங்கள் மாத வருமானத்தை 100 பங்கு என்று கொண்டால், தவணைகளுக்கு முன் 12 பங்கு மிஞ்சும். அவசரத்துக்கென்று 60 பங்கு வைத்திருக்கிறோம். ஒரு வார இறுதிக்கு 4 பங்கும், பெரிய பயணத்துக்கு 30 பங்கும் ஆகின்றன. அப்பா பணம் கொடுக்க வந்தால் நான் வாங்குவதில்லை. தங்கையோ வாரந்தோறும் தொலைபேசியில் "இந்த வாரம் எங்கே கூட்டிப் போனாய்?" என்று கேட்கிறாள். அடுத்த மாதம் மீண்டும் வருகிறார்கள். விடுமுறைக் கிளப் ஒன்றில் 25 ஆண்டு உறுப்பினராகச் சேர்ந்தால் செலவு குறையும் என்று ஒரு முகவர் சொல்கிறார். சேரலாமா?

பதில்: கிளப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கார்டு வட்டி கடுமையானது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரிந்ததால்தான் நிலுவையைத் தவணையாக மாற்றுகிறீர்கள். அப்படி மாற்றியதும் ஒரு பொறுப்பு தீர்ந்தது போன்ற நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் உங்களைக் கெடுக்கிறது. 3 மாதச் செலவை 24 மாதத்துக்கு இழுத்துவிட்டு, 12 மாதத்துக்கு ஒரு முறை அதே செலவைத் திரும்பச் செய்யும் வீட்டில் கடன் ஒரு நாளும் தீராது.

நீங்கள் தந்த பங்குகளை வைத்தே தோராயமாகப் பார்ப்போம். 12 வார இறுதிகளுக்கு 48 பங்கு, பெரிய பயணத்துக்கு 30, ஆக 78. அந்த 3 மாதங்களில் உங்களுக்கு மிஞ்சுவது 36. ஆனால் வீட்டில் இரண்டு பேர் கூடுதலாக இருக்கையில் மளிகை, மின்சாரம், மருந்து என்று 10 பங்காவது ஏறும் என்பதால் கைக்கு நிற்பது 26தான். முதல் ஆண்டின் பற்றாக்குறை 52. ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் 24 மாதங்கள் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 2.5 பங்கு, கட்டி முடிக்கும்போது 61 பங்கு போயிருக்கும். இரண்டாம் ஆண்டு அவர்கள் வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த அந்தத் தவணையே 3 மாதங்களில் 7.5 பங்கை எடுத்துக்கொண்டதால் பற்றாக்குறை 60 ஆகி, இன்னொரு 2.9 பங்குத் தவணை பிறந்தது. இந்த ஆண்டும் அதேபோல் நடந்தால் பற்றாக்குறை 68ஐத் தொடும், புதிய தவணை 3.3 ஆகும். போகும் இடங்கள் மாறவில்லை, டிக்கெட் விலை ஏறியதாகக்கூட நான் கணக்கிடவில்லை. ஆனாலும் கடன் வளர்கிறது. பழைய தவணை ஒன்று முடிந்த பிறகும் மாதம் 6.2 பங்கு, அதாவது மிஞ்சும் 12இல் பாதிக்கு மேல், முடிந்துபோன ஞாயிற்றுக்கிழமைகளுக்காகப் போய்க்கொண்டிருக்கும்.

அவர்கள் தங்கியிருக்கும் மாதங்களில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதையும் சேர்த்துப் பாருங்கள். முழு நிலுவையையும் கட்டாத கார்டில், பொதுவாக, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடைப்பதில்லை. அம்மாவுக்கு அந்தக் கார்டில் வாங்கும் மாத்திரைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. மாதம் 3 சதவீத வட்டி, 5 சதவீதக் குறைந்தபட்சத் தொகை என்று கொண்டால், 100 பங்கு நிலுவை உள்ள ஒருவர் வேறெதுவும் வாங்காமல் ஓராண்டு முழுவதும் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிவந்தால், 55 பங்கு கட்டிய பிறகும் 77 பங்கு பாக்கி நிற்கும். இந்த ஒரு கணக்கைத் தாளில் எழுதிக் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வார இறுதிகளுக்கு வருகிறேன். பணத்தைப் பற்றிக் கேட்டவரிடம் பொழுதுபோக்கைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். செலவு எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் குறைக்கச் சொன்னால் யாராலும் குறைக்க முடியாது. என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது, வந்திருந்த என் பெற்றோரையும் சேர்த்து ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். ஆறு பேருக்கும் முழு நாள் டிக்கெட். பதினொரு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. சின்னவள் தள்ளுவண்டியில் தூங்கிப் போனாள். பெரியவன் உயரம் போதாமல் இரண்டு இடங்களில் வரிசையின் முனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டான். அப்பா ஒரு நிழலைக் கண்டுபிடித்து, எங்கள் பைகளையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் திரும்பிவரும் வரை நான்கு மணி நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு ராட்டினத்தில்கூட ஏறவில்லை; அவருக்கும் முழுக் கட்டணம்தான். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்னது, போகும் வழியில் தாத்தாவோடு ஜன்னலோரம் நின்று எண்ணிக்கொண்டு வந்த ரயில் பெட்டிகளைப் பற்றித்தான்.

மூன்று வயதுக் குழந்தையின் பகல் தூக்கமும் முதியவரின் முழங்காலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓய்வு கேட்கும். காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற அரை நாள் பயணமே இவ்விருவருக்கும் பொருந்தும். முழு நாள் டிக்கெட், வெளியே சாப்பாடு, களைப்பில் பிடிக்கும் டாக்ஸி, அழுகையை நிறுத்த வாங்கும் பொம்மை என்று ஒரு வார இறுதிக்கு ஆகும் உங்கள் 4 பங்கில் பெரும்பகுதி மதியத்துக்குப் பிறகு ஆகும் செலவாகத்தான் இருக்கும். போன ஆண்டுக் கார்டு பில்லை எடுத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூங்கா, நூலகத்தின் சிறுவர் பகுதி, ஆற்றங்கரை, குறைந்த கட்டணத்தில் நுழையக்கூடிய அருங்காட்சியகம், பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவது, இவற்றில் எதுவும் பிள்ளைகளுக்கு மட்டமில்லை. டிக்கெட் வாங்கும் இடத்தில் மூத்தோர் சலுகை உண்டா, சின்னவளுக்குக் கட்டணம் உண்டா, ராட்டினம் ஏறாதவர்களுக்கு நுழைவுச்சீட்டு மட்டும் தருவார்களா என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆண்டுச் சந்தா அட்டை வாங்கச் சொன்னால், ஒரு நாள் கட்டணத்தால் அதன் விலையை வகுத்து, அத்தனை முறை இந்த 3 மாதத்துக்குள் போவீர்களா என்று மட்டும் பாருங்கள். அவர்கள் ஊருக்குப் போன பிறகு நீங்கள் அங்கே போகப்போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் தங்கையின் தொலைபேசி அழைப்பைச் சாதாரணமாக விடுவதற்கில்லை. அவர் அன்பில் கேட்கிறார் என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஓர் இடத்தைத் தேடும்போது, பட்டியல் போடுபவர் ஒருவராகவும் பில் கட்டுபவர் வேறொருவராகவும் ஆகிவிடுகிறது. இந்த முறை அவர்கள் வருவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டு, "இந்த ஆண்டு பெரிய பயணம் இல்லை, ஒன்று வேண்டுமென்று நீ நினைத்தால் இருவருமாகப் பகிர்ந்து செய்யலாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் இருவருக்கும் பொதுதானே.

அப்பா கொடுக்கும் பணத்தை மறுத்துவிட்டு, அதே தொகையைக் கார்டில் கடனாக எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் தன் வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்; அது அவருடைய முதுமைக்கானது. ஆனால் பேரப்பிள்ளைகளின் டிக்கெட்டை அவர் எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். தாத்தா பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குவதைப் பிள்ளைகள் பார்ப்பதும் நல்லதே. இதோடு இன்னொன்று: அவர்களுடைய மருத்துவக் காப்பீடு உங்கள் ஊரில் செல்லுமா, ஏற்கெனவே உள்ள நோய்களை ஏற்குமா என்பதை அவர்கள் கிளம்பும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் 60 பங்கு அவசர நிதி அதற்காகத்தான் இருக்க வேண்டும்; சுற்றுலாவுக்காக அதைத் தொடவே கூடாது.

இப்போது கிளப். வேண்டாம். 25 ஆண்டு உறுப்பினர் கட்டணத்தை இன்றைக்கே, அதுவும் அநேகமாகத் தவணையில் வாங்கிக்கொள்வார்கள். அதன் மேல் நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வரும், அது ஏறிக்கொண்டும் போகும். போக்குவரத்தும் சாப்பாடும் பொதுவாக அதில் சேராது. பள்ளி விடுமுறையில், அதாவது உங்களுக்குத் தேவைப்படும் ஒரே காலத்தில், எல்லா உறுப்பினர்களும் அறை கேட்பார்கள். பிடிக்காமல் போய் விற்க நினைத்தால் வாங்குவதற்கு ஆள் கிடைப்பது கடினம். இன்னும் 12 ஆண்டுகளில் உங்கள் பெரிய பிள்ளைக்கு 18 வயது. அப்போது யார் யாரோடு விடுமுறைக்குப் போவார்கள் என்பதை இன்று எப்படி முடிவு செய்வது? "வட்டியே இல்லாத தவணை" என்று முகவர் சொன்னால், முழுத் தொகையும் உடனே கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்று கேளுங்கள். 8 சதவீதம் என்று சொன்னால், அதை விட்டுக்கொடுத்து 6 தவணையில் கட்டுபவர் ஆண்டுக்குச் சுமார் 30 சதவீத வட்டி கட்டுகிறார். வட்டி என்ற பெயர் மட்டும்தான் அங்கே இல்லை.

ஆகவே இந்த முறை நீங்கள் செய்ய வேண்டியது இது. மிஞ்சும் 12இல் இரண்டு தவணைகளுக்கு 5.4, வீட்டின் கூடுதல் செலவுக்கு 3.3 போக மாதம் 3.3 பங்கு நிற்கும். 3 மாதங்களுக்கு 10 பங்கு. வெளியே போவதற்கு இந்த ஆண்டு உங்களிடம் இருப்பது அவ்வளவுதான். கட்டணம் கட்டும் இரண்டு பயணங்களை அதற்குள் செய்யலாம், மற்ற வாரங்களில் அரை நாள், மதியம் வீட்டில் சாப்பாடு. மாதத் தொடக்கத்திலேயே அந்தத் தொகையைப் பணமாக எடுத்து ஓர் உறையில் போட்டுவிட்டு, கார்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். உறையில் எவ்வளவு இருக்கிறது என்பது உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும். உங்கள் கடிதத்தில் அவர் கருத்து ஒரு வரியில்கூட இல்லாதது எனக்குக் கவலையாக இருந்தது.

முதல் தவணை இன்னும் 4 மாதங்களில் முடிகிறது. பெற்றோர் ஊருக்குத் திரும்பிய பின் வரும் முதல் மாதம் அது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அந்த 2.5 பங்கை வேறு எதற்கும் விடாமல், சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கட்டிப் பழகிய தொகை என்பதால் சுமையாகத் தெரியாது. அடுத்த வருகைக்கு முன் 8 மாதங்களில் அது 20 பங்கு ஆகும். அவர்கள் தங்கும் 3 மாதங்களில், இரண்டாவது தவணையும் வீட்டின் கூடுதல் செலவும் போக, இன்னும் 17 பங்கு சேரும். 37 பங்கில் அடுத்த ஆண்டு அந்தப் பெரிய பயணத்தைத் தாராளமாகப் போகலாம். கார்டு அப்போதும் வீட்டிலேயே இருக்கட்டும்.