பப்பாளியில் மாவுப்பூச்சி: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மாடித்தோட்டத்துப் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி. நடுவே கொஞ்சம் பெரிய வெள்ளைப் புழுக்களும் ஊர்கின்றன. மருந்து அடிக்கட்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அடித்துவிடாதீர்கள் அம்மா! வேகமாக ஊர்ந்து, உடம்பெல்லாம் மெழுகு நூல் தொங்கினால் அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. தெரியாமல் நானும் ஒருகாலத்தில் அவற்றை நசுக்கியிருக்கிறேன். இன்றும் மனசு உறுத்துகிறது.

பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. 2008-ல் கோவையில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெளுத்துப்போயின. எங்கள் கொல்லையில் மூன்று பப்பாளியை வெட்டிப் போட்டோம். எத்தனை முறை அடித்தும் மருந்து அந்த மெழுகுப் போர்வையைத் தாண்டவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 'அசிரோஃபேகஸ் பப்பாயே' என்ற கடுகைவிடச் சிறிய குளவியை வரவழைத்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும். உள்ளே வளரும் குஞ்சு பூச்சியைத் தின்றுவிட்டு வெளியே வரும். பூச்சி அடங்கியது இப்படித்தான்.

முதலில் எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி கசியும் தேனுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை விரட்டும். தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். செம்பருத்தியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். உப்பிப் பழுப்பாகி, துளை விழாத பூச்சிகள் இலையில் இருந்தால் அந்த இலையைக் கிள்ளாதீர்கள். உள்ளே குளவி இருக்கிறது.